உண்ணிக் காய்ச்சலுக்கு 22,000 ரூபாய் செலவு: நாய்க்குக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு 3 வயது. பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. சென்ற மாதம் உண்ணிக் காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் 22,000 ரூபாய் செலவானது. கிரெடிட் கார்டில் கட்டியதில் 14,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 45,000 ரூபாய் உள்ளது. 60,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு ஆண்டு பிரீமியம் 6,200 ரூபாய் என்றும், ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் எங்கள் பொறுப்பு என்றும் சொல்கிறார்கள். மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடியும். காப்பீடு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் கார்டு பாக்கியை அடைத்த பிறகு. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 14,000 ரூபாய்க்கு 490 ரூபாய். அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 578 ரூபாய். நீங்கள் தயங்கும் பிரீமியமோ மாதக் கணக்கில் 517 ரூபாய்தான். சேமிப்பில் பணத்தை வைத்துக்கொண்டே இந்த வட்டியைக் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை, இன்றே அடைத்துவிடுங்கள்.

அடுத்து, காப்பீடு எதற்கு உதவும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மாத்திரை, கருத்தடை போன்ற வழக்கமான செலவுகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. விபத்து, எலும்பு முறிவு, திடீர் அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குத்தான் அது கைகொடுக்கும். 40,000 ரூபாய் அறுவை சிகிச்சை என்றால், உங்கள் பங்கான 8,000 போக, அதிகபட்சம் 32,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாலிசிக்குள் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனித்தனி உச்சவரம்புகள் இருந்தால் அதுவும் குறையும். பெரும்பாலும் பில்லை முதலில் நீங்களே கட்டிவிட்டுப் பிறகுதான் கோர வேண்டியிருக்கும் என்பதால், கையில் ரொக்கம் இல்லாதவருக்குக் காப்பீடு மட்டும் போதாது. ஆகவே பிரீமியம் போக மீதமுள்ள ஏறக்குறைய 1,500 ரூபாயை மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள், ஓராண்டில் வட்டி நீங்கலாக ஏறக்குறைய 18,000 ரூபாய் சேரும்.

உண்ணிக் காய்ச்சல் வந்ததை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அந்தக் கிருமி வெளியில் தெரியாமல் உடலில் தங்கி, மீண்டும் நோயைக் கிளப்பக்கூடியது. மருத்துவரின் பழைய குறிப்புகளில் அது இருக்கும்போது, மறைத்தது தெரிந்தால் தொடர்பில்லாத கோரிக்கைக்கும் சிக்கல் வரலாம். தடுப்பூசிப் புத்தகத்தில் தேதியும் மருத்துவரின் முத்திரையும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் என்றால், அது போடப்படாத நாய்க்கு இழப்பீடு கிடைக்காது. பாலிசி எடுத்த பின் கோரிக்கை ஏற்கப்படாத காத்திருப்புக் காலத்தையும், புதுப்பிப்பதற்கான வயது வரம்பையும் கேளுங்கள். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்புண்டு என்பதால், பரம்பரை நோய்கள் விலக்கப்பட்டுள்ளனவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நாய் பிறரைக் கடித்தால் ஏற்படும் இழப்பீட்டுப் பொறுப்பும் சேர்ந்திருந்தால் நல்லது. பலரும் கேட்க மறக்கும் பிரிவு இது.

கருத்தடையைத் தள்ளிப்போடுவதை நான் பணக் கணக்காகவே பார்க்கிறேன். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதுக்குப் பின் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். அப்போது நடக்கும் அவசர அறுவை சிகிச்சைக்கு, திட்டமிட்டுச் செய்யும் கருத்தடையை விடப் பல மடங்கு செலவாகும். காய்ச்சலிலிருந்து முழுமையாகத் தேறி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சீரானதை மருத்துவர் உறுதிசெய்தபின் நாள் குறியுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் தனியாரை விடக் குறைவு; காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் கழிவு இந்தப் பிரீமியத்துக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று முகவர் சொல்லியிருந்தால், அவர் சொன்ன மற்ற விவரங்களையும் பாலிசி ஆவணத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.