ஒரே கிளையண்டில் இஎஸ்எக்ஸ்ஐ 5.5-ம் 6.7-ம் திறக்குமா?

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சார், ஷூ கம்பெனி ஒன்றில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இரண்டு சர்வர் இருக்கிறது. பழையதில் இஎஸ்எக்ஸ்ஐ 5.5, டேலி அதில்தான் ஓடுகிறது. புதியதில் 6.7, அதில் வருகைப் பதிவும் ஃபைல் சர்வரும். அவர் வைத்திருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் போன வாரம் போய்விட்டது. புது விண்டோஸ் 11 மெஷினில் வி-ஸ்பியர் கிளையண்ட் 6.0 போட்டேன். 6.7-க்குள் போகவில்லை. 5.5-ஐ பிரவுசரில் திறந்தால் எதுவும் வரவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க எந்த வெர்ஷன் போடவேண்டும்? வி-சென்டர் 8 போட்டால் சரியாகிவிடுமா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: இஎஸ்எக்ஸ்ஐ என்பது ஒரே சர்வரில் பல 'விஎம்'களை, அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்களை, ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். அது ஓடும் சர்வர்தான் ஹோஸ்ட், அதை நிர்வகிக்கும் திரை கிளையண்ட், பல ஹோஸ்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது வி-சென்டர். இனி பதில்: அப்படி ஒரு வெர்ஷன் இல்லை. நீங்கள் செய்ததில் தவறும் இல்லை. உங்கள் கையில் இருப்பது இரண்டு வேறு காலத்துப் பூட்டுகள், இரண்டுக்கும் தனித்தனிச் சாவி வேண்டும்.

விண்டோஸில் இன்ஸ்டால் செய்கிற அந்தப் பழைய கிளையண்டை நிறுத்தப்போவதாக விஎம்வேர் 2016 மே மாதம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.5-லிருந்து அது கிடையாது. 6.0 வரைக்கும் ஒரு கணக்கு இருந்தது: புதிய கிளையண்ட் பழைய சர்வரோடு பேசும், பழைய கிளையண்ட் புதிய சர்வரோடு பேசாது. ஆகவே உங்கள் 6.0 கிளையண்ட் 5.5-க்குப் பொருந்தும், 6.7-க்குப் பொருந்தவே பொருந்தாது. எத்தனை முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் இதுதான் நடக்கும்.

6.7-க்கு எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம். பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, யு, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் ஹோஸ்ட் கிளையண்ட் திறக்கும். அது சர்வருக்குள்ளேயே இருக்கிறது, 6.0 அப்டேட் 2 முதல் கூடவே வருகிறது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், முகவரி உங்கள் சர்வருடையதுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

5.5 பிரவுசரில் வராததற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்து இஎஸ்எக்ஸ்ஐ, அப்டேட் போடாமல் விட்டிருந்தால், டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்பு இணைப்பு முறையில் மட்டும்தான் பேசும். குரோமும் எட்ஜும் அதை 2020-லேயே கைவிட்டுவிட்டன. வந்திருந்தாலும் ஒரு வரவேற்புப் பக்கம்தான் தெரிந்திருக்கும். விஎம்மை ஆன், ஆஃப் செய்யும் வசதி அந்தப் பக்கத்தில் இல்லை.

வி-சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். விதி ஒன்றுதான்: வி-சென்டர் தனக்குச் சமமான அல்லது தன்னைவிடப் பழைய ஹோஸ்டைத்தான் மேய்க்கும், அதுவும் சில தலைமுறை வரைக்கும்தான். வி-சென்டர் 6.5-க்கு 5.5, 6.0, 6.5 தெரியும். வி-சென்டர் 6.7-க்கு 6.0-லிருந்து. 7.0-க்கு 6.5-லிருந்து. 8.0-க்கு 6.7-லிருந்து. வரிசையாகப் பாருங்கள், 5.5-ஐயும் 6.7-ஐயும் சேர்த்து ஏற்கிற வி-சென்டர் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று, ஹோஸ்ட் இலவச உரிமத்தில் ஓடினால் எந்த வி-சென்டரிலும் சேராது. இரண்டு சர்வருக்காக அதை வாங்கி, அதற்கென்று தனியாக மெமரி ஒதுக்கி வைப்பது உங்களுக்குத் தேவையில்லாத செலவு.

முதலில் சர்வர் அறைக்குப் போய்ப் பழைய சர்வரில் மானிட்டரை இணைத்துப் பாருங்கள். மேல் பாதி சாம்பல், கீழ்ப் பாதி மஞ்சளாக ஒரு திரை வரும். மேலே வெர்ஷனும் பக்கத்தில் பில்ட் எண்ணும் இருக்கும். 5.5.0 என்று போட்டு 1331820 என்று இருந்தால், 2013-ல் முதலில் வந்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2014-ல் வாலாஜா பக்கம் ஒரு கம்பெனியில், இதே 5.5-ல், ஒரு விஎம் மேல் ரைட் கிளிக் செய்து 'அப்கிரேட் விர்ச்சுவல் ஹார்டுவேர்' என்பதை அழுத்திவிட்டேன். புதியது நல்லதுதானே என்ற எண்ணம். விஎம்முக்குள் தெரியும் பாவனை ஹார்டுவேரின் வெர்ஷன் 10 ஆனது. ஒரு மாதம் கழித்து மெமரியைக் கூட்டப் போனால், வெர்ஷன் 10 விஎம்மை இந்தக் கிளையண்டில் திருத்த முடியாது, வெப் கிளையண்டைப் பயன்படுத்து என்று செய்தி. வெப் கிளையண்டுக்கு வி-சென்டர் வேண்டும், அங்கே இருந்ததோ இலவச உரிமம். சித்திரை வெயில், ஏ.சி. இல்லாத அறை, கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் வெளியே காத்திருக்கிறார்கள். கடைசியில் விஎம்மை நிறுத்தி, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் வசதி) வழியாக அதன் அமைப்புகள் எழுதியிருக்கும் விஎம்எக்ஸ் ஃபைலைத் திறந்து மெமரி அளவைக் கையால் மாற்றி, ரீலோட் செய்து ஓட்டினேன். 5.5-க்கு அப்டேட் 2 வந்த பிறகுதான் கிளையண்டிலேயே ஓரளவு திருத்த முடிந்தது. ஹார்டுவேர் வெர்ஷனை ஏற்றினால் இறக்க நேர் வழி கிடையாது. பழைய வெர்ஷன் விஎம் புதிய ஹோஸ்டில் ஓடும். புதிய வெர்ஷன் பழைய ஹோஸ்டில் ஓடாது. டேலி விஎம்மில் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம்.

5.5-க்கான கிளையண்டை எங்கே வைப்பது? புது 6.7 ஹோஸ்டில் ஒரு சின்ன விண்டோஸ் 10 விஎம் போட்டு, அதில் உங்களிடமுள்ள 6.0 கிளையண்டை ஏற்றுங்கள். அது டாட்நெட் 3.5 என்ற விண்டோஸ் துணை மென்பொருளைக் கேட்கும், முதலிலேயே போட்டுவிடுங்கள். இணைக்கும்போது சர்வரிலிருந்து துணை ஃபைல்களை எடுக்கவேண்டும் என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். இந்த விஎம்மை 5.5-லேயே வைத்துவிடாதீர்கள், அது பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போல. இன்ஸ்டாலர் ஃபைலை பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், வரவேற்புப் பக்கத்தில் இருக்கும் பழைய டவுன்லோட் லிங்கை நம்பமுடியாது.

ஆனால் இது சில வாரங்களுக்கான ஏற்பாடு மட்டும். 5.5-க்கான பொது ஆதரவு 2018 செப்டம்பரில் முடிந்துவிட்டது. நான் சொன்ன அந்த பில்ட் எண்தான் உங்களுக்குக் கிடைத்ததென்றால், 2014-ல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டைகூட அதில் அடைக்கப்படவில்லை. 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) இணையத்துக்குத் திறந்து கிடந்த பழைய ஹோஸ்டுகளைத் தேடித்தேடிப் பூட்டியது. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் 443 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, உங்கள் முன்னவர் திறந்து வைத்திருந்தால், இன்றைக்கே மூடுங்கள்.

அப்புறம் டேலியை 6.7-க்கு மாற்றுங்கள். விஎம்மை ஓவிஎஃப் என்ற ஃபைல் தொகுப்பாக எக்ஸ்போர்ட் செய்யும் வழியும் உண்டு, ஆனால் பெரிய டிஸ்க் என்றால் பிரவுசர் அப்லோட் பாதியில் நின்றுபோகும். எனக்குப் பிடித்தது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்.எஃப்.எஸ். வழி. ஒரு சின்ன என்ஏஎஸ் (நெட்வொர்க் டிஸ்க்) பெட்டியை இரண்டு ஹோஸ்டிலும் டேட்டாஸ்டோராக, அதாவது விஎம் ஃபைல்களை வைக்கும் இடமாக, இணையுங்கள். டேலி டேட்டாவை முதலில் தனியாக பேக்கப் எடுங்கள், டேலிக்குள் போய் உரிமத்தை சரண்டர் செய்யுங்கள். விஎம்மை ஷட்டவுன் செய்து, ஸ்நாப்ஷாட் (விஎம்மின் பழைய நிலையின் பதிவு) ஏதாவது இருந்தால் நீக்கி, ஃபோல்டரை என்ஏஎஸ்ஸுக்கு நகலெடுங்கள். அங்கிருந்து 6.7-இன் டிஸ்குக்கு இறக்கி, ரெஜிஸ்டர் செய்து ஆன் செய்யும்போது, நகர்த்தினாயா நகலெடுத்தாயா என்று கேட்கும். நகர்த்தினேன் என்று சொல்லுங்கள், மெஷினின் அடையாள எண் மாறாது. ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், சம்பளப் பட்டுவாடா வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

6.7-க்கும் ஆதரவு 2022 அக்டோபர் 15-உடன் முடிந்துவிட்டது. அதிலிருந்து 8.0-க்கு நேராகப் போகலாம், ஆனால் 7.0-லிருந்து பழைய வகை டிரைவர்களை எடுத்துவிட்டார்கள். நெட்வொர்க் கார்டும் டிஸ்குகளை இணைக்கும் ரெய்டு கார்டும் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைத்தால், ரீபூட்டுக்குப் பின் டிஸ்கே தெரியாமல் போகும். உரிமச் செலவு கட்டாது என்றால், விஎம் ஓட்டும் இதே வேலையைச் செய்கிற பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். நிர்வாகத் திரை சர்வரோடேயே வருவதால் கிளையண்ட் வெர்ஷன் தகராறு அங்கே இல்லை, 6.5 முதலான இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்மை இழுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. உங்கள் 6.7-லிருந்து நேராகப் போகலாம்.

டேலி புது இடத்தில் திறந்து, உரிமம் ஏறி, கடைசி வவுச்சர் எண்ணை அக்கவுண்ட்ஸில் இருப்பவர் தன் நோட்டோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு பழைய சர்வரின் பவர் கேபிளைக் கழற்றுங்கள். டிஸ்குகளை மட்டும் ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள்.