பூதக்கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "எத்தனை மடங்கு வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது எப்போதும் இரண்டு விஷயங்களை. என்ன பார்க்கப் போகிறீர்கள்? அந்தப் பொருளுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும்? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மடங்கு தானாக வந்துவிடும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71. பத்திரிகை வாசிக்கலாம் என்று ஹட்டன் கடைத்தெருவில் '20 மடங்கு' என்று எழுதியிருந்த பெரிய வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அகலம் இருக்கும். எழுத்து கொஞ்சம்தான் பெரிதாகிறது. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லையா?

உங்களில் பிழை இல்லை, சேர். அந்தக் கண்ணாடியில் எழுதியிருக்கும் எண்தான் பிழை. லென்ஸின் சக்தி கூடினால் அதன் வளைவும் கூட வேண்டும். வளைவு கூடினால் அகலம் சுருங்கியே ஆக வேண்டும். உண்மையான 20 மடங்கு லென்ஸ் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தாளிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டரில் பிடித்து, கண்ணையும் அதோடு ஒட்டிவைத்தால்தான் இரண்டொரு எழுத்து தெரியும். உள்ளங்கை அகல லென்ஸ் எதுவும் 20 மடங்காக இருக்க முடியாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகலில் சன்னலுக்கு எதிர்ச் சுவரருகே நின்று, லென்ஸைச் சுவருக்கு முன்னால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் எதிர்மலையும் மரங்களும் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, 100-ஐ அந்த சென்டிமீட்டர் எண்ணால் வகுங்கள். கிடைப்பது டயொப்டர், அதாவது லென்ஸின் சக்தியைச் சொல்லும் அலகு. அதை 4-ஆல் வகுத்தால் மடங்கு. தூரம் 20 சென்டிமீட்டர் என்றால் 5 டயொப்டர், அதாவது ஒன்றேகால் மடங்கு. சில கம்பனிகள் வகுத்து வந்த விடையோடு ஒன்றைக் கூட்டி இரண்டேகால் என்று போடும். கணக்கு முறை வேறு என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பெட்டிகளில் உள்ள மடங்குகளை ஒப்பிட்டு வாங்குவது வீண். கடையில் டயொப்டர் எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு தேவை? கண் கிளினிக் அட்டையில் உங்கள் தூரப் பார்வையின் அளவை 6/24, 6/60 என்று எழுதியிருப்பார்கள். கீழ் எண்ணை மேல் எண்ணால் வகுங்கள். 6/24 என்றால் 4 டயொப்டர், 6/60 என்றால் 10. பத்திரிகை எழுத்துக்கு இது தொடக்கப் புள்ளி. அரைமணி நேரம் களைப்பில்லாமல் வாசிக்க இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். 4 டயொப்டர் போதும் என்றால் உங்களுக்குப் பூதக்கண்ணாடியே தேவைப்படாமல் போகலாம். தாளை 25 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்கும்படி சக்தி கூடிய வாசிப்புக் கண்ணாடி ஒன்றே போதும். இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அப்புறம் பிடிக்கும் விதம். லென்ஸை முதலில் தாளின்மேல் வையுங்கள். மெல்ல உயர்த்துங்கள். எழுத்து நன்றாகப் பெரிதாகி, மங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பிறகு முகத்தை லென்ஸை நோக்கிக் கொண்டுபோங்கள். கிட்டப் போகப் போக ஒரு பார்வையில் அகப்படும் சொற்கள் கூடும். ஒரே கண்ணாடியில் தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் இருந்தால், இப்படிப் பிடிக்கும்போது மேல்பாதி வழியாகப் பாருங்கள்.

தையல் வேலை செய்கிறேன், வயது 48, பண்டாரவளை. ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஒரு கையில் லென்ஸைப் பிடித்தால் மற்றக் கையால் என்ன செய்ய முடியும்?

உங்கள் வயதில் இது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான் தங்கச்சி. முதலில் கண்ணைச் சோதித்துச் சரியான கண்ணாடி போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் தலையில் மாட்டும் உருப்பெருக்கி நல்லது. கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். இதில் தூரம்தான் எல்லாம். பெட்டியில் ஒன்றேமுக்கால் மடங்கு என்று போட்டிருந்தால் (இந்த வகையில் பெரும்பாலும் ஒன்றைக் கூட்டும் கணக்குத்தான்) துணி முகத்திலிருந்து சுமார் 35 சென்டிமீட்டரில் இருக்கலாம். இரண்டு மடங்குக்கு 25, இரண்டரைக்கு 20. மூன்றரை மடங்கு வாங்கினீர்கள் என்றால் 10 சென்டிமீட்டர்தான், மெஷின் தலையில் நெற்றி இடிக்கும். ஒன்றேமுக்காலையே வாங்குங்கள். பூவேலை, மணிவேலை மாதிரி மடியில் வைத்துச் செய்யும் வேலைக்கு வேண்டுமானால் இரண்டு.

ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கறுப்பு நூலைக் கோர்த்துப் பாருங்கள். ஊசிக்கண் தெரியும். வெள்ளை நூலுக்குக் கறுப்புத் துணி. சில்லறைக் காசுக்கு விற்கும் நூல் கோர்க்கும் கம்பியும் ஒன்று வாங்கி வையுங்கள்.

பசறையில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இலையில் சிவப்புச் சிலந்தி இருக்கிறதா என்று நேரத்தோடு பார்க்க எந்த லென்ஸ்? 30 மடங்கு கிடைக்கிறது.

30 மடங்கு வேண்டாம். 10 மடங்கு மடக்கு லென்ஸ், கண்ணாடியில் செய்தது, முடிந்தால் மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்த வகை. அதில் ஓரங்களில் நிறம் கசியாது. இரத்தினக்கல் பார்ப்பவர்கள் வைத்திருப்பதும் இதே 10 மடங்குதான்.

சிவப்புச் சிலந்தி அரை மில்லிமீட்டரிலும் சிறியது. வெறுங்கண்ணுக்குச் செம்புள்ளி மாதிரி இருக்கும். 10 மடங்கில் காலும் நகர்வும் தெரியும். 30 மடங்கில் கை நடுக்கமும் 30 மடங்காகிவிடும், காற்றடிக்கும் மலைச்சரிவில் அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது.

பெரும்பாலானவர்கள் லென்ஸை இலைக்குக் கிட்டப் பிடித்துவிட்டுத் தலையைத் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள், கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள், இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டரை சென்டிமீட்டரில் பளிச்சென்று தெரியும். மற்றக் கண்ணையும் திறந்தே வையுங்கள். மூடினால் சீக்கிரம் களைத்துப்போகும். வெயில் காலத்தில், முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நடு நரம்பை ஒட்டித் தேடுங்கள். இலை துருப்பிடித்த நிறமாக மாறும்வரை காத்திருந்தால் லென்ஸ் வாங்கியதில் பயனில்லை.

அம்மாவுக்கு 66 வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். மஸ்கெலியாவில் லயத்தில் இருக்கிறார். வேதாகமமும் மருந்துச் சரையில் எழுதியிருப்பதும் வாசிக்க முடியவில்லை என்கிறார். கண்ணாடியை மூன்று தடவை மாற்றிவிட்டோம். நல்ல பூதக்கண்ணாடி சொல்லுங்கள்.

மகளே, பூதக்கண்ணாடி வாங்கும் காசில் முதலில் பஸ் ஏறுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்திரையில் இரத்தக்கசிவு வரலாம். தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. மங்கல் தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். கண்ணில் மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் சோதனை வருடத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும். கடையில் கண்ணாடிக்கு எண் பார்ப்பது அந்தச் சோதனை ஆகாது. நுவரெலியாவிலோ கண்டியிலோ அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. கண்புரைதான் என்றால் சத்திரசிகிச்சையோடு தீர்ந்துவிடலாம். உட்திரைக் கோளாறு என்றால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றச் சிகிச்சை உண்டு. அது தள்ளிப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கிளினிக் போய்வந்த பிறகு வெளிச்சம். லயத்துக் காம்பரா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்னச் சன்னல், புகையேறிய சுவர், வெளியே மூடுபனி. இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. கூரையில் தொங்கும் பல்ப் எத்தனை வோட் என்றாலும் போதாது. மேசை விளக்கு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கத்திலிருந்து, கண்மட்டத்துக்குக் கீழே, பல்ப் நேரே கண்ணில் படாமல் இருக்கட்டும். எத்தனையோ பேருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வேதாகமம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

அதன் பிறகும் லென்ஸ் தேவை என்றால், தாளின்மேல் உட்கார்ந்து நகரும் வகை, உள்ளே எல்ஈடி விளக்கோடு. கை நடுங்கினாலும் தூரம் மாறாது. இதைப் பாவிக்கும்போது வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, போட்டுக்கொண்டேதான் பார்க்க வேண்டும். 'இது சரியில்லை' என்று அலமாரியில் போட்டுவிட்டவர்களில் பலர் செய்த பிழை இதுதான்.

மருந்துக்கு லென்ஸை நம்ப வேண்டாம். வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்புத் தடித்த பேனையால் 'காலை', 'இரவு' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

எனக்குக் குளுக்கோமா. பெரிய லென்ஸ் வாங்கியும் வாசிக்க முன்னையைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

குளுக்கோமா என்ற கண்நரம்பு நோயில் பார்வை பெரும்பாலும் ஓரங்களிலிருந்து சுருங்குகிறது. மிஞ்சியிருக்கும் சின்ன வட்டத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கினால், அங்கே முன்பு நான்கு சொல் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கும். உங்களுக்குப் பெரிதாக்குவதைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுவதுதான் வழி. கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சாளரம் வெட்டித் தாளின்மேல் வைத்து வாசியுங்கள், வரி தவறாது.

நுவரெலியாக் குளிரில் லென்ஸுக்குள் வெள்ளையாக ஏதோ படர்கிறது. துடைத்தாலும் போகவில்லை.

பூஞ்சணம். ஈரத்தில் மூடிய தோல் உறைக்குள் வைத்தால் வரும். உள்ளே படர்ந்ததை எடுப்பது கடினம். அடுத்ததை, மூடியுள்ள டப்பாவில், மருந்துப் போத்தலோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். விளக்குள்ள லென்ஸ் என்றால் பாவிக்காத நாட்களில் பெட்டரியைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும், தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். காயவைப்பதற்காகச் சன்னல் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மெத்தையும் திரைச்சீலையும் அப்படித்தான் தீப்பிடிக்கின்றன.

மகன் எட்டாம் வகுப்பு, தலவாக்கலை. பிறவியிலேயே தோலும் முடியும் வெள்ளை, பார்வை குறைவு. புத்தகத்தை மூக்கில் ஒட்டி வாசிக்கிறான். 'கண் இன்னும் கெடும்' என்று எல்லோரும் அதட்டுகிறார்கள்.

கெடாது. அதட்டுகிறவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு அது நான்கு மடங்கு பெரிது. பிள்ளைகளின் கண்ணுக்கு அந்தக் கிட்டத் தூரத்தில் குவியும் சக்தி இருக்கிறது. உங்கள் மகன் செலவில்லாத உருப்பெருக்கியைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். முதுகு வளையாமல் இருக்கச் சாய்வுப் பலகை ஒன்று செய்து கொடுங்கள். நீண்ட நேர வாசிப்புக்குத் தாளின்மேல் வைக்கும் அரைக்கோள லென்ஸ் நல்லது. இரண்டு மடங்குக்குக் கிட்டத்தான் பெரிதாக்கும். ஆனால் சுற்றியுள்ள வெளிச்சத்தை எழுத்தின்மேல் சேர்த்துக் கொடுக்கும், கண்கூச்சம் தராது.

கரும்பலகைக்கு முன்வாங்கு, அதோடு ஒற்றைக்கண் தொலைநோக்கி, 4 மடங்கு. வகுப்பில் வெட்கப்படுவான். முதலில் வீட்டு வாசலில் நின்று எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்துப் பழகட்டும், கை பழகினால் வெட்கம் குறையும். வெளியே போகும்போது விளிம்புத் தொப்பியும் நிறக் கண்ணாடியும் வேண்டும். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் தரும்படியும் கூடுதல் நேரம் கேட்டும் பரீட்சைக்கு வெகுமுன்பே அதிபர் வழியாக எழுதிப் போடுங்கள்.

அப்பா ஃபெக்டரியில் டீ மேக்கராக இருந்தவர், வயது 78. 'பார்க்கிற இடம் மட்டும் மறைகிறது, ஓரம் தெரிகிறது' என்கிறார். மாகுலா (உட்திரையின் நடுப்பகுதி) தேய்ந்துவிட்டது, இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். 10 டயொப்டர் லென்ஸிலும் கடிதம் வாசிக்க முடியவில்லை.

நேர்க்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தாலோ மறைப்பு சட்டென்று கூடினாலோ அன்றே கிளினிக்குப் போக வேண்டும். மருந்தில்லை என்று சொல்லியிருந்தாலும், இந்த நோயில் ஒரு வகைக்கு ஊசிமருந்து உண்டு. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள், வாரம் ஒரு தடவை.

வாசிப்பதற்கு இரண்டு வேலை செய்யலாம். முதலாவது பார்வையைத் தள்ளிவைக்கும் பயிற்சி. சுவர்க் கடிகாரத்தின் நடுவைப் பார்க்காமல் 12-ஐ, 3-ஐ, 6-ஐ, 9-ஐ ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். எந்த இலக்கத்தைப் பார்க்கும்போது நடு தெளிகிறதோ அந்தப் பக்கமாகப் பார்வையை வைத்து வாசிக்கப் பழக வேண்டும். தினம் பத்து நிமிடம், வாரக்கணக்கில் எடுக்கும்.

இரண்டாவது போன். ஐபோனில் உருப்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. மற்றப் போன்களில் கமராவைப் பெரிதாக்கியோ, அதற்கான செயலி ஒன்றை இறக்கியோ பாருங்கள். இத்தகைய செயலிகள் பலவற்றில் நிறத்தைப் புரட்டும் வசதி இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை மாகுலா நோயாளிகள் பலர் விரும்புகிறார்கள். அச்சு எழுத்தைப் படம் பிடித்தால் கூகுள் லென்ஸ் தமிழிலும் வாசித்துக் காட்டும். கைக்கடிதத்துக்கு அதை நம்ப முடியாது. போனைக் கையில் பிடிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் சம உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, மேலே போனைக் கிடத்தி, கமரா இடைவெளியைப் பார்க்கும்படி வையுங்கள். கடிதத்தைக் கீழே வைத்துத் தாளை நகர்த்தட்டும். கடிதம் எழுதுகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள், நீலப் பேனை வேண்டாம், கறுப்புத் தடித்த பேனையால் வரிக்கு வரி இடம் விட்டு எழுதச் சொல்லி.