ஸ்டாலின் அனுப்பிய குறிப்பும் இரண்டு ஜெர்மனியும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜெர்மனியை ஒன்றாக்க 1952-லேயே ஸ்டாலின் முன்வந்தார் என்கிறார்களே, நிஜமா?

பதில்: எழுத்தில் முன்வந்தார். போருக்குப் பிறகு ஜெர்மனி சோவியத் பக்கம் கிழக்கு, அமெரிக்கா–பிரிட்டன்–பிரான்ஸ் பக்கம் மேற்கு என்று இரண்டாகியிருந்தது. மனதில் என்ன இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மார்ச் 10 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றுக்கும் சோவியத் குறிப்பு போனது. இரண்டு ஜெர்மனியும் சேரலாம், சொந்த ராணுவம் வைத்துக்கொள்ளலாம். சமாதான ஒப்பந்தம் அமலாகி ஓராண்டுக்குள் அந்நியப் படைகள் கிளம்பிவிட வேண்டும். ஆனால், போரில் ஜெர்மனியை எதிர்த்த எந்த நாட்டுக்கும் எதிரான கூட்டணியில் சேரக் கூடாது. ஓடர்–நைஸ் நதிகளுக்குக் கிழக்கே போலந்துக்கும் சோவியத்துக்கும் போன நிலமும் போனதுதான்.

மேற்கு நாடுகள் மார்ச் 25-ல் பதில் அனுப்பின. முதலில் நாடு முழுக்கச் சுதந்திரமான தேர்தல், அதற்கான சூழல் இருக்கிறதா என்று ஐ.நா. குழு பார்க்கட்டும், வருகிற அரசு யாருடன் சேர்வது என்பது அதன் இஷ்டம். மாஸ்கோ ஏப்ரலில் தேர்தலுக்குத் தலையாட்டியது, ஐ.நா. வேண்டாம், சோவியத்தும் அந்த மூன்று மேற்கு நாடுகளுமாக நான்கு பேரே பார்த்துக்கொள்ளலாம் என்றது. இப்படியே செப்டம்பர் வரை கடிதம் போய் வந்தது.

கேள்வி: கெடுத்தது மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனாவர்தானே?

பதில்: அவர் மட்டும் இல்லை. ஆனால் நடுநிலை ஜெர்மனி மாஸ்கோ பிடியில் விழும் என்று பயந்தார். அவருடைய அமைச்சர் யாக்கோப் கைசரே பேசிப் பார்க்கலாம் என்றார், எடுபடவில்லை. மே 26-ல் அடெனாவர் தன் தலைநகர் பானில் மேற்கு நாடுகளோடு ஒப்பந்தம் போட்டார். அதே நாள் கிழக்கு ஜெர்மனி எல்லையோரம் 5 கிலோமீட்டர் அகலத்துக்குத் தடைப் பகுதி அறிவித்தது. ஒருமுறை நேரில் உட்கார்ந்து சோதித்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆஸ்திரியாவிலும் இதே நான்கு நாட்டுப் படைகள் இருந்தனவே, அதற்கு மட்டும் எப்படி முடிந்தது?

பதில்: அங்கே 1945-லிருந்தே வியன்னாவில் ஒரே அரசு. சின்ன நாடு வேறு. 1955 மே 15-ல் ஒப்பந்தம், அக்டோபரில் நடுநிலைச் சட்டம், முடிந்தது.

கேள்வி: 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதே, என்ன மாறியது?

பதில்: சிக்கல்கள் அதேதான்: கூட்டணி, எல்லை, ராணுவம். ஒன்றான ஜெர்மனி நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியில் இருக்க சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சம்மதித்தார், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கோல் பணம் கொடுத்தார்: 1,200 கோடி மார்க், அதற்கு மேல் 300 கோடி வட்டியில்லாக் கடன். செப்டம்பர் 12-ல் மாஸ்கோவில் இரண்டு ஜெர்மனியும் அந்த நான்கு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜெர்மன் படை 3,70,000 பேருக்கு மேல் கூடாது, போலந்து எல்லை இறுதியானது.

கேள்வி: போரில் இருந்த மற்ற நாடுகளைக் கூப்பிடவில்லையா?

பதில்: எல்லை பற்றிப் பேச மட்டும் போலந்தை அழைத்தார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்தால் நஷ்டஈட்டுக் கணக்கும் கூடவே வருமே! பான் அதை விரும்பவில்லை.