கேபிள் போட்டும் பேசாத கணினிகள்

கேள்வி: வீட்டில் இருக்கும் மேசைக் கணினியையும் (விண்டோஸ் 10) லேப்டாப்பையும் (விண்டோஸ் 11) லேன் கேபிளால் நேரடியாக இணைத்தேன். போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றில் மற்றது தெரியவில்லை. கிராஸ்ஓவர் கேபிள் (இரு கணினிகளை நேரடியாக இணைக்கக் கம்பிகளை மாற்றிப் பொருத்திய கேபிள்) வாங்க வேண்டுமா?
- ஈரோடு வாசகர்

பதில்: வேண்டாம், காசை வீணாக்காதீர்கள். விளக்கு எரிந்தாலே கேபிள் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் இரண்டிலும் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி தர ரவுட்டர் இல்லாததால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். நாமே கொடுத்துவிடுவது நல்லது: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. உங்கள் வைஃபை பயன்படுத்தும் முகவரி வரிசையையே இங்கும் கொடுத்துவிடாதீர்கள், எந்த வழியாக அனுப்புவது என்று கணினி குழம்பிவிடும்.

அப்புறம் பிங் செய்து, அதாவது ஒன்றிலிருந்து மற்றதன் முகவரிக்குச் சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வராவிட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்தான் காரணம். நேரடிக் கேபிளை விண்டோஸ் பொது நெட்வொர்க்காகவே கருதும், அதனால் இரண்டிலும் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பொது நெட்வொர்க்குக்கான ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள், ஆனால் லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகும் முன் மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

நிறையப் பேர் சிக்கிக்கொள்வது கடைசியில், மற்றக் கணினியின் ஃபோல்டரைத் திறக்கும்போது வரும் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில்தான். தினமும் அடிக்கும் நான்கு இலக்க பின் எண் அங்கே செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. ஃபோல்டரைப் பகிரும் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, ஃபோல்டரை அந்தக் கணக்குக்குப் பகிர்ந்து, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்தப் பெட்டியில் கொடுங்கள், திறந்துவிடும்.