முன்னால் உருளும் தோள்: பிசியோதெரபி கேள்வி–பதில்

கேள்வி: தினமும் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் வேலை. தோள் இரண்டும் முன்னால் உருண்டுவிட்டன. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, நடுமுதுகு எரிகிறது. என்ன பயிற்சி செய்யலாம்? – வாசகி, திருப்பூர்

பதில்: நிமிர்ந்த தோள் மறுபடி சரிவதற்குக் காரணம் உங்கள் சோம்பல் அல்ல. மார்பின் பெரிய தசைக்கு அடியில் பெக்டோராலிஸ் மைனர் என்று ஒரு சின்னத் தசை இருக்கிறது. 3 முதல் 5 வரையிலான விலா எலும்புகளில் தொடங்கி, தோள்சப்பையின் (மேல்முதுகில் இருக்கும் தட்டையான எலும்பு) முன்பக்கக் கொம்பில் போய் ஒட்டும். குனிந்தே இருந்தால் இது இறுகி, சப்பையை முன்னும் கீழுமாகக் கவிழ்க்கும். அதை எதிர்த்து முதுகுத் தசை நாள் முழுக்க இழுபட்டுக் களைப்பதுதான் அந்த எரிச்சல். செக் நாட்டு மருத்துவர் விளாடிமிர் யாண்டா இந்த அமைப்பைக் குறுக்குக் கோடுகளாக விளக்கினார்: மார்பும் பிடரியும் இறுக்கம், கழுத்தின் முன்பக்க ஆழத் தசையும் சப்பைகளைப் பிடிக்கும் தசைகளும் பலவீனம்.

ஆகவே முதலில் முன்பக்கத்தைத் தளர்த்துங்கள், பிறகு பின்பக்கத்துக்குப் பலம் கொடுங்கள். பலரும் எடுத்த எடுப்பில் தோளைப் பின்னுக்கு இறுக்கிப் பிடித்துவிட்டு, பிடரி வலியோடு வருகிறார்கள்.

தளர்த்துவதற்கு வாசல் நிலை (கதவுச் சட்டம்) போதும். முழங்கையைத் தோள் உயரத்தில் 90 டிகிரி மடக்கி, முன்கையை நிலையில் ஊன்றுங்கள். அந்தப் பக்கக் காலை ஓரடி முன்வைத்து, மார்பை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை, தினமும். காறை எலும்புக்குக் கீழே, அக்குளை ஒட்டி இழுக்க வேண்டும். தோள் மூட்டின் முன்னால் குத்தினால் இழுபடுவது தசை அல்ல, மூட்டுச் சவ்வு. முழங்கையைக் கொஞ்சம் இறக்கி, திருப்புவதையும் குறையுங்கள். இடுப்பை வளைத்து வயிற்றைத் தள்ளினால் மார்பு விரிந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

பலத்துக்கு எலாஸ்டிக் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைகள் விலாவை உரசும்படி இழுங்கள். 12 தடவை, 3 சுற்று, வாரம் மூன்று நாள். முழங்கை உடம்புக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் பின்னால் இழுத்தால் தோளின் முன்முனை முன்னுக்குத் துருத்தும். எதைச் சரிசெய்ய வந்தோமோ அதையே பழக்குவதாகிவிடும். அடுத்து சுவரைப் பார்த்து நின்று, முன்கைகளைச் சுவரில் வைத்து மேலே சாய்வாக விரித்து நகர்த்துங்கள். உச்சியில் கைகளைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் எடுத்து 2 விநாடி நிறுத்துங்கள்; 10 தடவை, 2 சுற்று. தோள் காதை நோக்கி ஏறினால் வேலை பிடரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கையை அவ்வளவு உயர்த்த வேண்டாம்.

மூன்றாவதை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கை மடங்காமல் சுவரைத் தள்ளி, சப்பைகளை விரியவிடுங்கள். தோள் முன்னால் போகிறதே என்று பயப்பட வேண்டாம். சப்பையை விலாவோடு ஒட்டவைக்கும் செரட்டஸ் தசைக்கான பயிற்சி இது. 12 தடவை, 2 சுற்று.

6 முதல் 8 வாரம் விடாமல் செய்தால் மாற்றம் தெரியும். அதுவரை பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் வரும்படி திருப்பி ஐந்து மூச்சு விடுங்கள். ஸ்டூல் மிகவும் தாழ்ந்திருந்தால் தோள் ஏறும், மிகவும் உயர்ந்திருந்தால் முதுகு குனியும். மெஷின் மேஜை முழங்கை மட்டத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனுக்கு முதுகு நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: ஞாபகப்படுத்துவதற்கு 20, 30 நிமிடம் போடலாம். நாள் முழுக்கப் போட்டால் வேலை செய்வது பெல்ட்தான், தசை அல்ல. இறுக்கிக் கட்டினால் அக்குள் வழியே போகும் நரம்புகள் அழுந்திக் கை மரக்கும். அந்தப் பணத்தில் தனி கீபோர்டு வாங்கி, லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் கண் மட்டத்துக்கு உயர்த்திக் கொடுங்கள். ஒன்று பாருங்கள்: மல்லாந்து படுத்தாலும், நிமிரச் சொன்னாலும் கூன் மறையாமல் விறைப்பாக நின்றால், அது முதுகெலும்பின் வளர்ச்சிக் கோளாறாக (ஷோயர்மன் நோய்) இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டிப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: வயது 58, சர்க்கரை நோய் உண்டு. வாசல் நிலைப் பயிற்சி செய்தால் ஒரு கை மட்டும் வெளிப்பக்கம் திரும்பவே மறுக்கிறது, இரவில் வலி. – வாசகர், மதுரை

பதில்: பயிற்சியை நிறுத்துங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு முன்கையை வெளியே திருப்பிப் பாருங்கள். இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் பாதியில் நின்றுவிட்டால், தோள் மூட்டு உறைந்திருக்க (ஃப்ரோசன் ஷோல்டர்) வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாகவே வரும். அதற்கான சிகிச்சை முறையே வேறு. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சமீபத்திய சர்க்கரை அளவு ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.