கோல்ஃப் கிளப்பில் சேர 3 லட்சம் நுழைவுக் கட்டணம்: கட்டலாமா?

கேள்வி: ஓசூரில் சின்னதாக ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன், வயது 44. இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். மெம்பர் கிடையாது, போகிற ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய் கட்டி ஆடுவேன். போன வருடம் 19 முறை போயிருக்கிறேன். இப்போது மெம்பராகச் சேரச் சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 3 லட்சம், திரும்பக் கிடைக்காது. வருட சந்தா 36,000. இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. இந்த மாதத்துக்குள் சேர்ந்தால்தான் இந்த ரேட்டாம். பழைய மெம்பர்கள் சில ஆயிரத்துக்குச் சேர்ந்தவர்கள், புதிதாக வருகிறவனிடம் மட்டும் இவ்வளவு வாங்குவது நியாயமா? ஓ.டி.யில் (கம்பெனிக்கு வங்கி தந்திருக்கும் ஓவர்டிராஃப்டில்) எடுத்துக் கட்டலாம் என்று இருக்கிறேன். பில்லை கம்பெனி பெயரில் போட்டால் ஜி.எஸ்.டி.யாவது திரும்ப வரும்தானே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. கிளப் மெம்பர்ஷிப்புக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு (கட்டிய வரியை, நீங்கள் செலுத்த வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, சட்டத்தின் 17(5) பிரிவிலேயே அடைத்துவைத்திருக்கிறார்கள். உங்கள் ஆடிட்டர் தெரியாமல் எடுத்துவிட்டாலும் பின்னால் நோட்டீஸ் வந்து வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். ஆக 3 லட்சம் என்பது 3,54,000, சந்தா என்பது 42,480. இனி இந்த எண்களையே வைத்துக்கொள்வோம்.

நியாயமா என்று கேட்டீர்கள். நான் தர்மபுரிக்காரன், எனக்கு இதெல்லாம் கிணறு கணக்காகத்தான் புரியும். எங்கள் பக்கம் நிலம் வாங்கும்போது பத்திரத்தில் ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார் உட்பட’ என்று ஒரு வரி இருந்தால் அந்த ஒரு வரிக்கே தனி விலை உண்டு. கிணறு வெட்டியவர்கள் பாறைக்கு வெடி வைத்து, கடன்பட்டு, தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத காலத்தில் காசு போட்டவர்கள். தண்ணீர் வந்த பிறகு முறை வைத்து இறைக்க வருகிறவர் அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வரட்டும் என்பதில் தப்பில்லை. கோல்ஃப் மைதானமும் அப்படித்தான். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், குழி இருக்கும் இடத்துப் புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க வேண்டும், நம் ஊர்க் கோடையில் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சந்தா இந்த அன்றாடச் செலவுக்கே சரியாகப் போய்விடும். குழாய், புல் வெட்டும் இயந்திரம், மோட்டார் எல்லாம் மாற்றுகிற நாளில் கையில் பணம் வேண்டுமே, அதற்காகத்தான் நுழைவுக் கட்டணம். அது இல்லாத கிளப்பில் அந்தச் செலவும் சந்தாவின் தலையில்தான் ஏறும், இல்லாவிட்டால் திடீரென்று ஒரு நாள் ‘டெவலப்மென்ட் ஃபண்ட்’ என்று ஒரு கடிதம் வரும். அதனால் கட்டணம் வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், வாங்கலாம்.

ஆனால் கிணற்றுப் பங்கை நீங்கள் விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். இந்த 3 லட்சத்தை அப்படிச் செய்ய முடியாது. இன்னொன்று, கிணறு யாருடையது என்று பார்க்க வேண்டும். மெம்பர்களே சேர்ந்து நடத்தும் சங்கமாக இருந்தால், மிஞ்சுகிற பணம் மைதானத்துக்கே திரும்பும், கணக்கை ஆண்டுப் பொதுக்குழுவில் நீங்கள் எழுந்து கேட்கலாம். வில்லா மனை விற்கிற கம்பெனியே நடத்தும் கிளப் என்றால் உங்கள் பணம் முதலாளியின் கல்லாவில் விழுகிறது, உங்கள் கையில் இருப்பது ஒரு அட்டைதான். நாளைக்கு மைதானத்தைக் கை மாற்றினால் புது முதலாளி அந்த அட்டையை மதிப்பாரா என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இரண்டாவது வகையில் நுழைவுக் கட்டணம் என்ற பெயரே எனக்கு ஒப்பவில்லை, அது முன்பணம்.

(சங்கமும் மெம்பரும் ஒன்றுதான், தனக்குத் தானே விற்றதற்கு வரியா என்று கேட்டு கல்கத்தா கிளப் 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அது ஜி.எஸ்.டி.க்கு முந்தைய விற்பனை வரி, சேவை வரி காலத்து வழக்கு. 2021-இல் ஜி.எஸ்.டி. சட்டத்தைத் திருத்தி, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று 2017 ஜூலையிலிருந்தே செல்லும்படி எழுதிவிட்டார்கள். உங்கள் 54,000 ரூபாய்க்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.)

சரி, கணக்குக்கு வருவோம். 3,54,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டு, பத்து வருடத்தில் அசலும் வட்டியும் தீரும்படி எடுத்தால் வருடம் 50,400 வரும். பத்து வருடம் ஆடுவீர்கள் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் இழப்பது அதுதான். சந்தா 42,480 சேர்த்தால் வருடத்துக்கு 92,880. இப்போது போல 19 முறை ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு 4,888 ரூபாய் ஆகிறது, வெளியாளாகப் போனால் 1,800! வாரம் தவறாமல் 52 முறை ஆடினால்தான் 1,786-க்கு வந்து கிட்டத்தட்ட சமமாகிறது. மழை, ஆடிட், கல்யாணம், மெஷின் பிரேக்டவுன் எல்லாம் தாண்டி 52 வாரமும் போவீர்களா? உங்களுக்கே தெரியும்.

வெளியாள் கட்டணம் வருடா வருடம் ஏறுமே என்பீர்கள். ஏறும்தான், ஆனால் சந்தாவும் சும்மா இருக்காது. ஞாயிறு காலையில் மெம்பருக்குத்தான் முதல் இடம், உங்களை மதியம் வரச் சொல்வார்கள் என்பது மட்டும் உண்மையான குறை. அந்த ஒரு வசதிக்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்பது உங்கள் மனசைப் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன்.

ஓ.டி. மட்டும் வேண்டவே வேண்டாம். அது ராடு வாங்கவும் சனிக்கிழமை கூலி கொடுக்கவும் இருக்கிற பணம். உங்கள் பெரிய கஸ்டமர் பில்லை 90 நாள் இழுத்தால், அந்த மூன்றரை லட்சம் புல்தரையில் படுத்திருக்கும், நீங்கள் கடைவீதியில் நகையோடு நிற்பீர்கள். ‘பர்ச்சேஸ் மேனேஜர்கள் எல்லாம் அங்கே வருகிறார்கள், ஆர்டர் கிடைக்கும்’ என்று மனசுக்குள் ஒரு சமாதானம் ஓடும், எனக்குத் தெரியும். அவர்களோடு 1,800 கட்டியும் ஆடலாமே, மெம்பரா என்று யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போவதில்லை.

இந்த மாதம் விட்டுவிடுங்கள். ரேட் ஏறும் என்பது மனை விற்கிறவர் சொல்கிற அதே பேச்சுதான், ஏறினால் ஏறட்டும். அந்த 3,54,000 உங்கள் சொந்த சேமிப்பில் இருந்தால் ஒரு வருட டெபாசிட்டில் போட்டு வையுங்கள். சேரச் சொல்லும் கிளப்காரரிடம் பைலா (கிளப்பின் விதிமுறைகள்) நகல் ஒன்றும் போன மூன்று வருட வரவு செலவுக் கணக்கும் கேளுங்கள், கட்டணத்தை மூன்று தவணையாக வாங்குவார்களா, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மெம்பர்ஷிப் மனைவி பெயருக்கு மாறுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, ஒரு வருடம் ஊரில் இல்லையென்றால் சந்தாவைக் குறைப்பார்களா என்பதையும் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். கணக்கைக் காட்ட மாட்டேன் என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்புறம், ஆடப் போகிற ஒவ்வொரு நாளையும் காலண்டரில் சுழித்து வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் அது 45 முறையைத் தாண்டியிருந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது புது ரேட்டை வைத்து மறுபடி கணக்குப் போடலாம்.