வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள்: மகளின் ஜீவனாம்சம் குறையுமா?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி டிரைவராக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். பி.எஃப். 1,800, பைக் கடன் 3,500, சீட்டு 2,000 போய்விடும். அரை ஏக்கர் தேயிலைத் தோட்டமும் உண்டு. விவாகரத்துக்குப் பின், கூடலூரில் அம்மாவோடு வளரும் என் 9 வயது மகளுக்கு மட்டும் மாதம் 6,000 தர உத்தரவு. மறுமணம் செய்துகொண்டேன். மனைவிக்கு முதல் கணவர் வழியில் 6 வயது மகன். எங்களுக்கு 8 மாதக் குழந்தை. தொகை குறையுமா?

பதில்: குறைக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம்; நீங்களாகக் குறைக்கக் கூடாது. மாதம் 2,000 பிடித்துக்கொண்டால் அது பாக்கியாக ஏறும். வாரண்ட் வந்து, கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

முதலில் வருமானம். பி.எஃப். கட்டாயப் பிடித்தம், கழியும். பைக் கடனையும் சீட்டையும் நீதிமன்றங்கள் பொதுவாகக் கழிப்பதில்லை. தோட்டத்து இலை விற்ற பணத்தைச் சேர்த்தாக வேண்டும். இலை குறையும் உறைபனி மாதங்களை மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பு உடனே பிடித்துவிடும்; 12 மாத இலைக் கணக்கின் சராசரியைக் கொடுங்கள். செலவு போக அது 1,800 என்று வைத்தால், கணக்குக்கு வருவது 24,000.

இந்தியாவில் நிலையான சூத்திரம் கிடையாது. 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றம் காட்டிய பங்கு முறை ஒரு மதிப்பீட்டுக்கு உதவும்: சம்பாதிப்பவருக்கு 2 பங்கு, நம்பியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் 1. நீங்கள், மகள், மனைவி, கைக்குழந்தை என்றால் 5 பங்கு, மகளுக்கு 4,800. மனைவி சம்பாதித்தால் 4 பங்கு. அதே 6,000 வந்து நிற்கும். அப்போது மனு போடுவது வீண்செலவு.

மனைவியின் மகனை ஆறாவது பங்காகச் சேர்த்து 4,000 என்று கேட்காதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அவனைப் பாசத்தோடு வளர்க்கிறீர்கள், சரி. ஆனால் சட்டக் கடமை அவனைப் பெற்ற தகப்பனுடையது. முறைப்படி தத்தெடுத்திருந்தால் மட்டும் அவன் உங்கள் பிள்ளையாகவே கணக்கில் வருவான்.

2017-இல் உச்ச நீதிமன்றம், மறுமணக் குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டியிருப்பதைக் கருதி ஒருவரின் தொகையை 23,000-இலிருந்து 20,000 ஆக்கியது.  ஆனாலும் பிள்ளையின் பள்ளிச் செலவில் கை வைக்க நீதிபதிகள் எளிதில் இணங்குவதில்லை. உங்கள் மகளின் அம்மா வேலைக்குப் போனால் அந்த வருமானமும் எடைபோடப்படும்.

உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில், சூழ்நிலை மாறியதாக மனு கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்த உத்தரவானால், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 146-ஆம் பிரிவு பொருந்தும். குழந்தையின் பிறப்புச் சான்று, 6 மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, இலைக் கணக்கு இருக்கட்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தில் உங்களைச் சார்ந்திருப்போர் விவரத்துக்குத் தனிப் பகுதி உண்டு. மனைவியின் வருமானத்தை அதில் மறைக்க வேண்டாம்.

பெற்ற தகப்பன் உயிரோடு இருந்தால், மகனுக்காக உங்கள் மனைவி அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவில் அவர்மீது ஜீவனாம்ச மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100 எண்ணில் கேட்கலாம்.